பச்சைத் தேநீரும் பதினோரு நிமிடமும்

மாட்சா உடம்புக்கு நல்லது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ தேயிலைக்கு எதிரி என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். தேயிலைச் செடியை மூன்று வாரம் கறுப்பு வலையின் நிழலில் வைத்து, அந்தக் கொழுந்தை ஆவியில் வாட்டி, காயவைத்து, நரம்பு நீக்கி, கல்லில் மாவாக அரைத்தால் கிடைக்கும் பச்சைப் பொடி அது. சாதாரணத் தேநீரில் இலையை வடிகட்டி எறிந்துவிடுகிறோம். இதில் இலையையே குடிக்கிறோம், அதனால் இலையில் உள்ள நல்லதெல்லாம் உள்ளே போகிறது. உடம்பின் தேய்மானத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். தூக்கம் வராமலே மனதை அமைதியாக்கும். இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், இதில் பொய்யில்லை.

என் ஆத்திரமெல்லாம் அதைக் குடித்தால் ஏறும் எண்ணின் மேல்தான்.

உங்கள் மணிக்கட்டிலும் பட்டை இருக்கும். ஒன்றிலிருந்து நூறு வரை உங்களுக்கும் ஒரு எண் இருக்கும். பசுங்கவசம் நிறுவனம் அதைக் கொண்டுவந்தபோது இன்ஷூரன்ஸுக்கு மட்டும்தான் என்றார்கள். இப்போது வேலைக்கு அந்த எண், வாடகை வீட்டுக்கு அந்த எண். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைத் திறப்பதற்கு முன் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். பட்டை இரண்டே இரண்டைத்தான் அளக்கிறது. தோலுக்கடியில் மாட்சாவில் இருப்பது போன்ற சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது ஒன்று. ஆள் எவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்பது இன்னொன்று. மாட்சா இரண்டையும் ஏற்றும். ஊரே காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன் பச்சைத் தண்ணீரை நுரைக்க ஆரம்பித்ததற்கு வேறு காரணம் வேண்டுமா என்ன?

வால்பாறைக்கு மேலே செண்பகக்கானல் எஸ்டேட்டில் நான் டிஸ்பென்சரி நர்ஸ். ஷீபா என்று பெயர், ஆனால் எல்லோருக்கும் சிஸ்டர்தான். பழைய தேயிலைத் தோட்டம் முழுக்க இப்போது மாட்சா. இருநூற்றுப் பதினான்கு பெண்கள் வலைக்கடியில் குனிந்து கொழுந்து பறிக்கிறார்கள். முதல் தரம் கப்பலேறும், இரண்டாம் தரம் சென்னைக்குப் போகும், மூன்றாம் தரத்தைத் தொழிலாளர் நலன் என்று பெயர் வைத்து எங்களுக்கே ஊற்றினார்கள். காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. குடிக்காவிட்டால் எண் இறங்கும், எண் இறங்கினால் வேலைக்குப் பெயர் இருக்காது.

காலை ஆறு நாற்பதுக்குப் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம் அது, வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். அங்கே ஒரு கேமரா. ஒவ்வொருத்தியும் டம்ளரைக் காலி செய்வதை அது பார்த்துப் பதிவு செய்யும். அரசாங்கம் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை முன்பெல்லாம் மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்து, ஒரு வாய் எலுமிச்சைத் தண்ணீரோடு நான் கொடுப்பேன். அதையும் கேமரா பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. இரண்டு முறை வரிசையில் நிறுத்தினால் பறிப்பில் பதினோரு நிமிடம் போகிறதாம். அதனால் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். வலது கையில் மாத்திரை, இடது கையில் மாட்சா. போடு, குடி, நகரு.

மாத்திரையைக் கையில் வைத்தது நான். நான்கு வருடம்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கவிநயா டிஸ்பென்சரிக்கு வந்தாள். இருபத்தாறு வயது, எட்டு மாதக் கர்ப்பிணி. வாசலில் இருக்கும் நான்கு படியில் இரண்டாவதிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை மட்டும் முந்தானை முடிச்சுக்குள் போய்ப் பச்சரிசி எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி, அரிசியத் திங்கிற?"

"என்னமோ தெரியல சிஸ்டர், ரெண்டு மாசமா இதான் வேணுங்குது. ஜெபின் கிண்டல் பண்ணுது, கோழியப் பெக்கப் போறியான்னு." சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது. "படி ஏறுனா மட்டும் கண்ணு இருட்டுது. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். பாருங்க."

மணிக்கட்டை நீட்டினாள். எண்பத்தெட்டு. பச்சை விளக்கு.

நான் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. நகம் வெளுப்பு, கால் வீக்கம். பட்டை வந்ததிலிருந்து எங்களுக்கு ரத்தப் பரிசோதனைக் கருவி கிடையாது, ஊசி குத்தி ஏன் நோகடிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பெட்டியின் அடியில் ஒரு பழைய நிற அட்டை கிடந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் விட்டு, அட்டையில் இருக்கிற சிவப்புகளோடு ஒத்துப் பார்ப்பது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துகூட இல்லை. பிரசவத்தில் ஒரு டம்ளர் ரத்தம் போனால் போதும், இவள் போய்விடுவாள். பிரசவம் வரை இந்த நெஞ்சு தாங்குமா என்பதே சந்தேகம்.

திரையில் டாக்டர் நிவேதனைக் கூப்பிட்டேன். பசுங்கவசத்தின் டாக்டர். ஒன்பது எஸ்டேட்டுக்கும் அவர் ஒருவர்தான், கோயம்புத்தூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பார்.

"சிஸ்டர், அவங்க நம்பர் எய்ட்டி எய்ட்," என்றார்.

"ரத்தம் அஞ்சுகூட இல்ல டாக்டர்."

"எதுல பாத்தீங்க?"

"அட்டையில."

"அட்டையிலயா!" சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "சிஸ்டர், பட்டை ஒரு நாளைக்கு எண்பதாயிரம் தடவ ரீடிங் எடுக்குது."

"அது ரத்தத்த எடுக்குதா? இரும்பப் பாக்குதா?"

"மறைமுகமா ஹெல்த்த மொத்தமா..."

"அவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. அதுகூடவா உங்க பட்டைக்குத் தெரியல?"

"கர்ப்பிணிங்களுக்கு ஹார்ட் ரேட்டக் கணக்குல சேக்கறதில்ல. பொதுவாவே அதிகமாத்தான் இருக்கும், சும்மா அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். வேர்வையையும் தோலையும் வெச்சுத்தான் அமைதியப் பாக்குது. அவங்க ரொம்ப அமைதியா இருக்காங்க சிஸ்டர்."

"ரத்தமில்லாதவ அமைதியாத்தான் இருப்பா டாக்டர். கத்தறதுக்கும் தெம்பு வேணும்ல? மாட்சாவோட சேத்துக் கொடுத்தா மாத்திரை ஒடம்புல ஒட்டாதுன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடியே உங்ககிட்டச் சொன்னேன். மாத்திரையில இருக்கற இரும்ப டீயில இருக்கற அதே நல்ல சத்துதான் புடிச்சு வெச்சுக்கும். நர்ஸிங் படிக்கற முதல் வருஷப் புள்ளைக்குத் தெரியும் இது."

"அப்ப எழுத்துல குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. ஒரு முறை சொன்னேன், பெரட்டு நேரத்தை மாற்ற முடியாது என்றார், வாயை மூடிக்கொண்டேன். ஓய்வூதியத்துக்கு எட்டு வருடம் இருந்தது. ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

"நாற்பதுக்குக் கீழ போய் பத்து நிமிஷம் நின்னா ஆம்புலன்ஸ் தானா வரும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் திரையை அணைத்தார்.

கவிநயாவின் புருஷன் ஜெபினை வலை கட்டும் இடத்திலிருந்து வரச் சொன்னேன். ஓடிவந்தான். ஜீப்பில் போட்டுக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிடலாம் என்றான்.

"நாப்பது வளைவு எறங்கி அங்க போய் என்ன பண்ணுவ? வாசல்ல பட்டையக் காட்டணும். எண்பத்தெட்டுக்குக் கதவு தெறக்காது, நாப்பதுக்குக் கீழ இருந்தாத்தான் தெறக்கும். ரத்தம் வெச்சிருக்கற பெட்டியோட பூட்டும் அதே எண்ணுக்குத்தான் தெறக்கும்."

"பட்டைய வெட்டிட்டா?"

"எண்ணே இல்லாதவளுக்கு எந்தக் கதவுடா தெறக்கும்?"

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். கவிநயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லாதது போல, "பாவம் சிஸ்டர், ரொம்ப அலையறீங்க," என்றாள்.

அப்போதுதான் சவரியம்மா ஞாபகம் வந்தாள். போன மழைக்காலத்தில் கொழுந்து எடை போடும் இடத்தில் மேஸ்திரியோடு அவளுக்குப் பெரிய சண்டை. செருப்பைக் கழற்றிவிட்டாள். எண்பத்தொன்றில் இருந்த எண் முப்பத்தைந்துக்கு விழுந்து பத்து நிமிடம் அங்கேயே நின்றது. கல் போல உடம்புள்ள பொம்பளை. ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போய் மூன்று நாள் மெத்தையில் படுக்கவைத்து, சொட்டு மருந்து ஏற்றி அனுப்பினார்கள். கோபம் வந்தவளைச் சாகப்போகிறவள் என்று நினைக்கிற பட்டை அது.

கவிநயாவைக் கோபப்படுத்த வேண்டும். நாற்பதுக்குக் கீழே, பத்து நிமிடம். ரத்தமில்லாத கர்ப்பிணியின் நெஞ்சை அப்படிப் பதறவைப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். வேறு வழி இருந்தால் யாராவது இப்போதாவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அவளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தேன். அவளிடமும் விஷயத்தைச் சொன்னேன். "கோவப்படு கவி."

"எனக்கு இப்பல்லாம் கோவமே வர்றதில்ல சிஸ்டர்."

"உன் புருஷன் ஒரு ஒதவாக்கரை."

"அத நீங்க சொல்லித்தான் தெரியணுமா?"

"உங்கம்மா வெக்கற கொழம்ப நாய்கூட மோந்து பாக்காது."

"ஐயோ, ஆமா சிஸ்டர்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பட்டை எண்பத்தொன்பது காட்டியது.

ஜெபின் தன் பங்குக்கு அவள் தம்பியைத் திட்டினான். எண்ணில் அசைவில்லை. மூன்று வேளை மாட்சா அவள் கோபத்தை எங்கோ ஆழத்தில் புதைத்து வைத்திருந்தது. அதைத் தோண்டி எடுக்க என்னிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. அதை எடுக்கக்கூடாது என்று இரண்டு வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கவி, உன் மொதப் புள்ள எப்படிச் செத்துச்சு?"

சிரிப்பு நின்றது. "என்ன சிஸ்டர் இப்பப் போய்... ஏழு மாசத்துல பொறந்தான். மூணு நாள் இருந்தான். நீங்கதான் சொன்னீங்க, கடவுள் சித்தம்னு."

"கடவுள் சித்தம் இல்ல. உன் ஒடம்புல ரத்தம் இல்ல. அதான் முன்னாடியே பொறந்தான், அதான் தங்கல."

"நான் தெனமும் மாத்திரை போட்டேனே. ஒருநாள்கூட விடல. நீங்கதானே கையில வெச்சீங்க."

"மாட்சாவோட போட்டே. அப்படிப் போட்டா மாத்திரை ஒட்டாது. மண்ண முழுங்கறதும் அதுவும் ஒண்ணு."

எழுபத்தொன்று.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்ல இருந்தே தெரியும்."

ஐம்பத்தாறு. ஜெபின் சுவரை விட்டு நகர்ந்து வந்தான்.

"தெரிஞ்சா?" அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தெரிஞ்சேவா குடுத்த?"

எட்டு வருடத்தில் முதல் தடவையாக என்னை 'நீ' என்றாள். "தெரிஞ்சேதான் குடுத்தேன்," என்றேன்.

"என் புள்ளைக்கு மண்ணு போடறப்ப பக்கத்துல நின்னியே! என் தோளப் புடிச்சிக்கிட்டு நின்னியே! அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

கட்டிலோரத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து என் மேல் எறிந்தாள். நெற்றியில் பட்டது. முப்பத்தெட்டு. விளக்கு சிவப்பாயிற்று, பட்டை அலற ஆரம்பித்தது. ஜெபின் அவளைப் பிடித்து, "வேணாம் கவி, அமைதியா இரு, அமைதியா இரு," என்று முதுகைத் தடவினான். எண் நாற்பத்திரண்டுக்கு ஏறியது.

"அவளத் தொடாதடா!" என்று கத்தினேன்.

அவள் அழத் தொடங்கினாள். அழுகை பட்டைக்குப் பிடித்த விஷயம். அழுதால் மனம் இளகும், எண் ஏறும். நாற்பத்தைந்து, நாற்பத்தேழு. அழவிடக்கூடாது. அவளுக்கு எதிரே குனிந்து, நான் எந்தப் பாதிரியாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"உன் புள்ள செத்ததுக்கு ரிப்போர்ட் எழுதினது நான். அதுல என்ன எழுதினேன் தெரியுமா? தாயின் எண் தொண்ணூத்தொண்ணு, தாய் நல்ல ஆரோக்கியம், எந்தக் குறையும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில பெரட்டுக்கு வந்து திரும்பவும் மாத்திரையையும் மாட்சாவையும் எல்லாருக்கும் குடுத்தேன். நீ அப்பக்கூட எனக்கு வணக்கம் சொன்ன."

அதன் பிறகு அவள் பேசியதை எழுத என் கை வரவில்லை. என் பிறப்பை, என் பிள்ளைகளை, நான் போட்டிருந்த வெள்ளைச் சேலையை, ஒன்றையும் விடவில்லை. அவள் உதடு நீலம் பாய்ந்தது. நான் ஒரு கையால் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் இன்னும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டையில் முப்பத்துமூன்று. பத்து நிமிடம் அங்கேயே நின்றது.

ஆம்புலன்ஸ் வந்தது. சீருடைக்காரர்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்து, "ஐயோ, கிரிட்டிக்கல்," என்று பதறிப்போய்த் தூக்கினார்கள். நானும் ஏறப் போனேன்.

"இவ வந்தா நான் வரமாட்டேன்," என்றாள் கவிநயா. நான் இறங்கிக்கொண்டேன்.

அவள் கோபம் நாற்பது வளைவிலும் தணியவில்லை, கீழே கதவு திறந்தது, ரத்தப் பெட்டியும் திறந்தது. நான்கு பை ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. இருவரும் உயிரோடிருக்கிறார்கள் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். ஜெபின் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் நிவேதன் நேரிலேயே வந்தார். மலைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. காது அடைத்துக்கொண்டது என்று மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில கேள்வி கேக்கறாங்க சிஸ்டர். எண்பத்தெட்டுல இருந்த பேஷன்ட்டுக்கு எப்படி ரத்தம் இவ்வளவு கொறஞ்சுதுன்னு. அந்தப் பொண்ணும் உங்க மேல புகார் குடுத்திருக்கு. பட்டை தப்புப் பண்ணாது. அப்ப யாரோ ஆள்தான் தப்புப் பண்ணியிருக்கணும்."

"நான்தான்," என்றேன்.

நான் மறுப்பேன், அழுவேன், காலில் விழுவேன் என்று தயாராக வந்திருந்தார் போல. கொஞ்சம் தடுமாறி, பையிலிருந்து பணிநீக்க உத்தரவை எடுத்தார். வக்கீல் எழுதிக் கொடுத்தது. முழுக்கப் படித்தேன். நடுவில் இப்படி இருந்தது: 'மாட்சா தேநீருடன் சேர்த்துக் கொடுத்தால் இரும்புச் சத்து மாத்திரை உடலில் சேராது என்பதையும், அதனால் கடும் ரத்தசோகையும் குறைப்பிரசவமும் சிசு மரணமும் ஏற்படலாம் என்பதையும் நன்கு அறிந்திருந்தும், மேற்படி நர்ஸ் நான்கு ஆண்டுகளாக எல்லாத் தொழிலாளர்களுக்கும் அவ்வாறே கொடுத்து வந்துள்ளார்.'

"சரியா எழுதியிருக்கீங்க டாக்டர். ஒரு எழுத்துகூடப் பொய்யில்ல," என்று கையெழுத்துப் போட்டேன். "பெரட்டுல வாசிப்பீங்கல்ல?"

"அது உங்க எஸ்டேட் வழக்கமாமே. மேனேஜர் வாசிப்பார். ஏன், கூச்சமா இருக்கா?"

யாரை வேலையை விட்டு நிறுத்தினாலும் உத்தரவைப் பெரட்டில் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர்களும் கேட்டுப் பயப்பட வேண்டுமல்லவா, அதற்காக அந்தக் காலத்தில் ஏற்படுத்தியது. யாரும் இன்றுவரை அதை மாற்றவில்லை.

மறுநாள் காலையில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் நிற்கும் இடத்துக்குக் கீழேதான் பெரட்டுக்களம். இருநூற்றுச் சொச்சம் பெண்கள் வலது கையில் மாத்திரையும் இடது கையில் டம்ளருமாக வரிசையில் நின்றார்கள். மேனேஜர் காகிதத்தைக் கையில் பிடித்து, குடகுக்காரருக்கே உரிய தமிழில், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். வாசித்து முடித்து, "சரி, குடிங்க," என்றார்.

யாரும் குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த ஜெபின் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தான். "சார், நடுவுல ஒரு வரி படிச்சீங்கல்ல. அத இன்னொரு தடவ படிங்க."

மேனேஜர் படித்தார். பாதி வரியில் தான் என்ன படிக்கிறோம் என்று அவருக்கே உறைத்துவிட்டது, சிசு மரணம் என்கிற இடத்தில் குரல் இறங்கியது. "சத்தமாப் படிங்க சார்," என்றாள் சவரியம்மா. இரண்டு பிள்ளைகளை இழந்த ஒருத்தி வரிசையை விட்டு வெளியே வந்து, டம்ளரைத் தரையில் கவிழ்த்தாள். அடுத்தவளும் கவிழ்த்தாள். எங்கோ ஒரு பட்டை அலறியது, பிறகு இன்னொன்று, பிறகு எதன் அலறல் எது என்று தெரியவில்லை. மேனேஜர் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் போடப் பார்த்தார். சவரியம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி ஜெபினிடம் கொடுத்தாள்.

அவன் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தான். மேலே நின்ற என்னை ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்ப்பான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பஸ் வந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.